கைக்கு வசப்பட்ட மணல்

புதிதாகக் கண்ணாடித் தடுப்பு வைத்த குளியலறைக்குள் போனால் ஒரு புளிப்பு வாசனை மூக்கில் ஏறும். யாரோ வினிகர் புட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே வேலைக்காரர் குழாயிலிருந்து பிதுக்கிப் பூசிய பசையிலிருந்து வருகிறது அது. வினிகருக்குப் புளிப்பைத் தரும் அதே அசிட்டிக் அமிலம்தான் அங்கேயும் ஆவியாகிறது. காற்றில் இருக்கும் ஈரம் பசைக்குள் நுழைகிறது. அங்கே தனித்தனியாகக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு விழும்போதெல்லாம் அமிலம் கழன்று வெளியே போகிறது. வாசனை அடங்கினால் பசை ரப்பராகிவிட்டது என்று பொருள். பெரிய ஆலையில் நடக்கவேண்டிய வேதிவினை ஒன்று நம் வீட்டுக்குள், எந்த அடுப்பும் இல்லாமல், வெறும் காற்றின் ஈரத்தால் நடந்து முடிகிறது.

2003-ஆம் ஆண்டில், லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பொருள் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இந்தச் சிலிகோன் பசையை மரத்தூளோடு சேர்த்துப் பிசைந்து பார்த்தார். அயர்லாந்தின் கில்கென்னியைச் சேர்ந்தவர். சிற்பக் கலை பயின்றுவிட்டு வடிவமைப்புக்கு வந்தவர். பெயர் ஜேன் நீ கல்குவின்டிக். ஐரிஷ் மொழிப் பெயர் என்பதால் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு வாசித்தால் இந்த உச்சரிப்பு வராது. இனி ஜேன் என்றே சொல்வோம்.

மரத்தூள் பிசைவது நம் ஊர்த் தச்சர்களுக்கும் பழக்கமானதுதான். கதவில் இடுக்கு விழுந்தால் தூளில் ஃபெவிக்கால் விட்டுக் குழைத்து மக்கு வைப்பார்கள். காய்ந்தபின் தேய்த்தால் மரத்தோடு மரமாகிவிடும். ஜேன் பிசைந்ததும் பார்வைக்கு அதைப்போலத்தான் இருந்தது. உருட்டி வைத்தால் மரப்பந்து என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் தரையில் போட்டால் துள்ளியது. சிற்பம் படித்த கைக்கு அந்தத் துள்ளல் பிடித்துப்போயிற்று. எதற்குப் பயன்படும் என்பது மட்டும் தெரியவில்லை. மிஞ்சிய துண்டுகளை வீட்டில் அங்கங்கே ஒட்டிப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடைப்பான் ஓட்டைக்குச் சிறியதாக இருந்தது; அதைச் சுற்றி ஒட்டியதும் சரியாகப் பொருந்தியது. கத்தியின் பிடி கைக்கு ஒத்துவரவில்லை. அதன்மேல் கொஞ்சம் பூசி விரல் பதியும்படி அழுத்திவிட்டார். வடிவமைப்பு மாணவர்கள் புதுப் பொருள்களாக உருவாக்கித் தள்ளிக்கொண்டிருந்த இடத்தில் அவருக்கு வேறொன்று தோன்றியது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பொருளை அவரவர் கைக்கு ஏற்றாற்போல் திருத்திக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். களிமண்ணைப்போல் பிசைய வேண்டும், எதிலும் ஒட்ட வேண்டும், ஒட்டியபின் ரப்பராக வேண்டும்.

இதைச் செய்து முடிக்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. ஏன் என்று புரிய, சிலிகோன் எப்படிப்பட்ட பிறவி என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழில் இரண்டு சொற்களை நாம் குழப்பிக்கொள்கிறோம். சிலிக்கான் என்பது தனிமம். பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடி மிகுதியாக இருப்பது. எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கணினிச் சில்லு செய்வது அதில்தான். சிலிகோன் என்பது அந்தத் தனிமத்தை வைத்து மனிதர் உண்டாக்கிய சேர்மக் குடும்பம். சில்லு கண்ணாடிபோல் உடையும், சிலிகோன் ரப்பர்போல் வளையும். நாளேடுகள்கூட இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு மெய்யெழுத்தும் ஒரு நெடிலும் மாறினால் பொருளே வேறாகிவிடுகிறது.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: மணல். படிக மணலையும் கரியையும் மின்வில் உலையில் போட்டு 2,000 டிகிரி அளவுக்குக் காய்ச்சினால், கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். சிலிக்கான் உலோகம்போல் மினுங்கிக்கொண்டு மிஞ்சும். சிலிகோன் செய்யும்போது அதற்கு மறுபடியும் ஆக்சிஜனைக் கொடுக்கிறோம், ஆனால் அளந்து கொடுக்கிறோம். மணலில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு பக்கமும் ஆக்சிஜனால் கட்டுண்டு கிடக்கிறது. அதனால்தான் மணல் கல். சிலிகோனில் இரண்டு பக்கம் மட்டும் ஆக்சிஜன். சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான், ஆக்சிஜன் என்று சரம்போல் நீள்கிறது. மற்ற இரண்டு கைகளிலும் மெத்தில் என்ற சிறு கரிமக் குழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கல்லின் எலும்பு, வெளியே எண்ணெயின் தோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிலிகோனின் குணமெல்லாம் இந்த ஓர் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கார்பன் அணுக்கள் கைகோத்த சங்கிலி. அந்தப் பிணைப்பைப் பிரிக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் ஆற்றல் போதும். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புக்கு 450 கிலோஜூல் வேண்டும். வெயிலும் ஓசோனும் சைக்கிள் டயரை வெடிக்க வைத்துவிடுகின்றன. சிலிகோனை அவ்வளவு எளிதில் அசைக்க முடியாது. அதே சமயம் அந்தச் சங்கிலி விறைப்பானதும் இல்லை. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கீல் வைத்த கதவுபோல அது தாராளமாகத் திரும்பும். எனவே மைனஸ் 50 டிகிரிக் குளிரிலும் விறைத்துப்போகாது, 200 டிகிரிச் சூட்டிலும் உருகி ஓடாது. நிலவில் நடந்த விண்வெளி வீரர்களின் மேல் காலணிகளுக்கு 1969-இல் சிலிகோன் ரப்பரில் அடிப்பகுதி வைத்தது இதனால்தான்.

சிலிகோனைக் கண்டவர் அதை விரும்பவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பேராசிரியராக இருந்த ஃப்ரெடெரிக் கிப்பிங், 1899 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிலிக்கானின் கரிமச் சேர்மங்களைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். சிலிகோன் என்ற பெயரும் அவர் வைத்ததே. கீட்டோன் என்ற கரிமச் சேர்மத்தைப்போல இருக்கும் என்று கருதி அப்படிப் பெயரிட்டார். அமைப்பு அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தும் பெயர் நின்றுவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தவை அழகாகப் படிகமாகும் தூய சேர்மங்கள். குடுவையின் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்த கோந்து அவருக்குத் தொந்தரவாகவே பட்டது. 1936-இல் ராயல் சொசைட்டியில் ஆற்றிய சிறப்புரையிலும், இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் எதுவும் விரைவில் வரும் என்ற நம்பிக்கை தமக்கில்லை என்றே சொன்னார். அவர் கழுவி ஊற்றிய கோந்துதான் பின்னாளில் குளியலறைப் பசையானது, குழந்தைகளின் பால்புட்டிக் காம்பானது, மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாயும் ஆனது. 1949-இல் அவர் மறைவதற்குள் ஆலைகள் எழுந்துவிட்டன.

அந்தக் கோந்தை விரும்பத் தொடங்கியவர் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் ஹைடு. கண்ணாடி இழையைச் சுற்றிச் சூடு தாங்கும் மின்காப்புப் பூச்சு ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒன்று என்று தேடிப்போனவருக்குச் சிலிகோன் கிடைத்தது. 1940-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜீன் ரோக்கோ, செம்பு கலந்த சிலிக்கான் தூளைச் சூடாக்கி அதன்மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் சிலிகோனின் மூலப்பொருள் நேரடியாகக் கிடைக்கும் என்று கண்டார். ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனியாக இதே வழியைக் கண்டார். இன்றும் உலகின் சிலிகோன் பெரும்பாலும் இவ்வழியில்தான் பிறக்கிறது. இரண்டாம் உலகப் போர் அதை வேகப்படுத்தியது. 1943-இல் டௌ கார்னிங் நிறுவனம் உருவானபோது அதன் முதல் பொருள், உயரத்தில் பறக்கும் விமானங்களின் மின்பொறி அமைப்பு பழுதாகாமல் காக்கும் ஒரு களிம்பு.

போரின் மற்றொரு முனை நமக்கு நெருங்கியது. 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். தோட்டங்கள் கைமாறியதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. மலாயாவில் வேலையிழந்த தமிழர்கள் ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதை வேலைக்கு விரட்டப்பட்டுக் காட்டில் மடிந்துகொண்டிருந்த அதே 1943-இல், அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் ரப்பருக்கு மாற்று தேடின. ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜேம்ஸ் ரைட் சிலிகோன் எண்ணெயில் போரிக் அமிலம் கலந்தார். கிடைத்தது டயருக்கு ஆகவில்லை. மெல்ல இழுத்தால் பாகுபோல் நீண்டது, சட்டென்று எறிந்தால் பந்தாகத் துள்ளியது. 1950-இல் பீட்டர் ஹாட்ஜ்சன் என்பவர் அதைப் பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து சில்லி புட்டி என்ற விளையாட்டுப் பொருளாக விற்றார். 1968-இல் அப்போலோ 8 வீரர்கள், கருவிகள் மிதந்து போகாமல் ஒட்டிவைக்க அதைக் கொண்டுபோனார்கள். பிசையவும் துள்ளவும் சிலிகோனால் முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சில்லி புட்டிக்கு ஓர் உருவமும் நிலைக்காது. உருட்டி மேசையில் வைத்தால் காலையில் தட்டையாகக் கிடக்கும்.

ஜேனுக்கு வேண்டியது உருவம் நிலைக்கும் ஒன்று. அதுவும் ஒட்டும் ஒன்று. இங்கேதான் சிலிகோனின் குணம் குறுக்கே நின்றது.

கேக் வேகவைக்கும் சிலிகோன் அச்சைப் பாருங்கள். கவிழ்த்தால் கேக் தானாக விழும், எதுவும் ஒட்டாது. வெளியே இருக்கும் மெத்தில் தோல் எதனோடும் உறவு வைத்துக்கொள்ளாது. நீரும் உருண்டு ஓடும், மாவும் வழுக்கி விழும், பசையும் பிடிக்காது. குளியலறையில் கண்ணாடியோடு ஒட்டுகிறதே என்று கேட்கலாம். கண்ணாடி அதற்குப் பங்காளி; இரண்டும் ஒரே சிலிக்கான்-ஆக்சிஜன் வம்சம். ஆனால் கத்திப் பிடி மரம், செருப்பு தோல், சார்ஜர் வயரின் உறை பிளாஸ்டிக், பாத்திரம் எஃகு. இத்தனை வேறு வேறு பரப்புகளோடும் ஒட்டவேண்டும், பிசையும் கையோடு மட்டும் ஒட்டக் கூடாது!

ஜேன் வேதியியலாளர் அல்லர். தொழில் கூட்டாளி ரோஜர் ஆஷ்பியோடு சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் காரிகனும் சேர்ந்தார். டௌ கார்னிங்கில் முன்பு பணியாற்றிய இரண்டு சிலிகோன் அறிஞர்கள், இயன் மாஸும் ஸ்டீவ் வெஸ்டாலும் கைகொடுத்தார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் துறையில் ஆய்வு நடந்தது. அனுபவம் முதிர்ந்த இருவர் ஒரு மாணவியின் மரத்தூள் உருண்டையைப் பார்த்துவிட்டு, இதற்கு ஏன் ஆசைப்படுகிறாய் என்று கேட்காமல் கூடவே உட்கார்ந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர்கள் செய்ததை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பிசைவு. சிலிகோன் சங்கிலிகள் தனியே இருந்தால் தேன்போல வழியும். மாவாக நிற்க வேண்டுமானால் பொடி சேர்க்க வேண்டும். மரத்தூள் தொடக்கத்துக்கு உதவியது. ஆனால் மரத்தூளில் ஈரம் இருக்கும், ஈரம் பட்டால் பசை இறுகத் தொடங்கிவிடும். முடிவில் வந்தது டால்க், நாம் முகத்துக்குப் பூசும் பவுடரின் அதே கனிமம். கலவையில் கால் பங்கிலிருந்து பாதி வரை அதுவே. டால்க் தகடு தகடாக வழுக்கும் கல். அதனால் கலவை சப்பாத்தி மாவுபோல, அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும், விரலில் இழுபடாது.

அடுத்தது இறுகுவது. நம் வீடுகளில் குழாய் ஒழுகினால் எம்-சீல் வாங்கி வந்து, வெள்ளையையும் கறுப்பையும் சம அளவில் பிய்த்துப் பிசைகிறோம். அது எபாக்சி. இரண்டு பகுதிகள் சேர்ந்தால்தான் வினை தொடங்கும், தொடங்கியபின் கல்லாக இறுகும். குழாய்க்கு அது பொருத்தம். வளையும் வயரில் வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். மேலும், பிசைபவர் அளவு தவறினாலோ சரியாகக் கலக்காவிட்டாலோ இறுகாமலே போகும். ஜேன் குழுவினர் ஒற்றைப் பொட்டலத்தையே விரும்பினார்கள். இரண்டாவது பகுதியைக் காற்றே தரட்டும் என்று விட்டார்கள். குளியலறைப் பசையைப்போலவே, காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து முடிச்சுப் போடும். ஆனால் அமில வாசனை வேண்டாம் என்பதால் அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் ஆக்சைம் என்ற வேறொரு சிறு மூலக்கூறு கழன்று வெளியேறும் வகையைத் தேர்ந்தார்கள்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. மேல்தோல் இறுகியபின் உள்ளே ஈரம் எப்படிப் போகும்? சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் மேலே மூடி போட்டதுபோல் ஆகி உள்ளே மாவாகவே நின்றுவிடும். சிலிகோன் சங்கிலிகள் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருப்பதால் அவற்றுக்கிடையே இடைவெளி மிகுதி. நீராவியும் ஆக்சிஜனும் அதற்குள் தாராளமாக ஊடுருவும். நீர்த்துளியை விரட்டுகிற பொருள் நீராவியை விடுகிறது. கண்ணுக்குள் வைக்கும் சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ் விழிக்கு ஆக்சிஜனை விடுவதும் இந்தக் குணத்தால்தான். ஆக, இறுகிய தோலின் வழியாகவே ஈரம் உள்ளே போய், மேலிருந்து அடிநோக்கி ஒரு நாளில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை ரப்பராக்கிவிடும். தடிமனாக வைத்தால் இன்னும் நாள் பிடிக்கும்.

மூன்றாவதாக ஒட்டுதல். இதற்கு இருதலைக் கொக்கிபோன்ற ஒரு மூலக்கூறு வேண்டியிருந்தது. அமீன் குழு தாங்கிய சிலேன் என்பது அதன் வேதிப் பெயர். ஒரு பக்கம் சிலிகோன் வலையோடு பின்னிக்கொள்ளும். மறுபக்கம் எதிரே இருக்கும் கண்ணாடியையோ உலோகத்தின் ஆக்சைடு படலத்தையோ பல பிளாஸ்டிக்குகளையோ பற்றிக்கொள்ளும். தனக்குப் பங்காளி இல்லாதவரோடும் சிலிகோனை உறவாட வைக்கும் தரகர் அது. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், டெஃப்லான் மூன்றிடமும் அந்தத் தரகரின் பருப்பு வேகவில்லை. பக்கெட்டும் தயிர் டப்பாவும் பெரும்பாலும் இவ்வகைப் பிளாஸ்டிக் என்பதால் இந்தக் குறை சிறியதல்ல.

கடைசியாக நேரம், என் பார்வையில் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். வேகமாக இறுகினால் கைக்குள்ளேயே ரப்பராகிவிடும். மெதுவாக இறுகினால் ஒட்டிய இடத்திலிருந்து சரிந்துவிடும். பொட்டலத்தைத் திறந்தபின் சுமார் 30 நிமிடம் பிசையலாம், 24 மணி நேரத்தில் ரப்பர் என்ற அளவில் அதை நிறுத்தினார்கள். பழக்கமில்லாத கை ஒன்று முதல்முறை தவறாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பதற்கு அந்த அரைமணி நேரம் போதும். சிலிகோனின் மூலக்கூறை ஜேன் கண்டுபிடிக்கவில்லை. அது நூறு வயதான விஷயம். ஆலைக்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கும் மட்டுமே பணிந்துவந்த ஒரு பொருளை, எந்தப் பயிற்சியும் இல்லாத ஒருவரின் விரலுக்குப் பணிய வைத்தார்கள். இதற்குத் தேவைப்பட்ட வேதியியல், ஒரு புது மூலக்கூறைக் கண்டுபிடிப்பதற்குக் குறைந்ததல்ல.

பெயர் சுக்ரு. விளையாட்டு என்பதற்கான ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. பெரிய நிறுவனங்களோடு கைகோக்கும் முயற்சி பலிக்காதபோது, சிறிதாகத் தொடங்கு, அதை நன்றாகச் செய் என்று நண்பர் ஒருவர் சொன்னதை ஜேன் பிடித்துக்கொண்டார். கிழக்கு லண்டனில் தாங்களே கலந்து, தாங்களே பொட்டலம் கட்டி, 2009 டிசம்பரில் 1,000 பொட்டலங்களை விற்பனைக்கு வைத்தார்கள். 6 மணி நேரத்தில் தீர்ந்துபோயின. அடுத்த ஆண்டு டைம் இதழ் வெளியிட்ட சிறந்த 50 கண்டுபிடிப்புகளின் பட்டியலில் சுக்ருவும் இருந்தது, ஐபேடுக்கு முன்னால்.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் நான் மிகவும் விரும்பும் பகுதி. சார்ஜர் வயர் எப்போதும் ஒரே இடத்தில்தான் பிய்யும், முனையில் உலோகத் தலைக்கு அடுத்த கழுத்தில். விறைப்பான தலையும் வளையும் உடலும் சேரும் இடம் அது. இழுவிசை முழுவதும் அங்கே குவியும். அந்தக் கழுத்தைச் சுற்றிக் கூம்பாகச் சுக்ருவை வைத்தால் விறைப்பு படிப்படியாகக் குறைகிறது, வளைவு பரவலாகிறது. விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் பிரித்தனுப்புவது பொறியாளர்கள் பாலத்திலும் விமானத்திலும் செய்கிற வேலை. அதையே வீட்டுமேசையில் செய்தார்கள். பாத்திரம் கழுவும் எந்திரத்தின் தட்டில் துருப்பிடித்த கம்பி முனைகளுக்குத் தொப்பி போட்டார்கள். குழந்தையிடம் கொடுக்கும் கேமராவின் மூலைகளுக்கு மெத்தை வைத்தார்கள். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள் கரண்டிக்கும் பேனாவுக்கும் தங்கள் பிடிக்கு ஏற்ற தடிமன் கொடுத்துக்கொண்டார்கள். எந்த ஆலையும் ஒருவர் விரலுக்காக மட்டும் ஒரு கரண்டி செய்து தராது. இங்கே அவரவர் விரலே அச்சானது.

தொழில் அவ்வளவு இனிமையாகப் போகவில்லை. 2015-இல் பொதுமக்களிடமிருந்து இணையம் வழியாகச் சுமார் 35 லட்சம் பவுண்டு திரட்டினார்கள். விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை, கடன் நெருக்கியது. 2018-இல் ஜெர்மனியின் ஒட்டுப்பட்டை நிறுவனமான டேசா 76 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. சிறு முதலீட்டாளர்கள் போட்டதில் பெரும்பகுதியை இழந்தார்கள். அதே 2018-இல்தான் ஜேனும் அவர் குழுவினரும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதைச் சிறு, நடுத்தர நிறுவனப் பிரிவில் பெற்றார்கள். விருதும் விற்பனையும் ஒரே ஆண்டில் வந்தன. நம்பிப் பணம் போட்டவர்களின் வருத்தத்தை விருதைச் சொல்லி மறைக்க நான் விரும்பவில்லை.

பொருளிலும் மறைக்கக் கூடாதவை உண்டு. தொடக்கக் கலவையில் கழன்று வெளியேறிய அந்த ஆக்சைம் தோலை உறுத்தக்கூடியது; இந்த வகை ஆக்சைமை ஐரோப்பிய ஒன்றியம் பின்னாளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வகையில் சேர்த்தது. குழந்தைகளும் கையாளத்தக்க, தோலுக்கு இதமான வேறு கலவையை ஜேன் குழுவினர் அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார்கள். சிலிகோன் மட்காது. மணலைக் காய்ச்சும் அந்த மின்வில் உலை ஏராளமான மின்சாரத்தைக் குடிக்கும். சிலிகோன் உற்பத்தியில் இடையே வரும் சில வளைய மூலக்கூறுகள் நீரிலும் மீன்களிலும் சேர்கின்றன என்பதால், கழுவி விடும் ஒப்பனைப் பொருள்களில் அவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. சுக்ருவைக் காற்றின் ஈரம் தொடாமல் காக்க அலுமினியப் பொட்டலம் வேண்டும். மூன்றரை கிராம் மாவுக்கு ஒரு பொட்டலம். அப்படியும் ஓராண்டு சொச்சத்தில் உள்ளேயே இறுகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் சில காலம் தாங்கும். கணக்கு எங்கே நேராகும் என்றால், அந்த மூன்றரை கிராம் ஒரு முழுப் பொருளைக் குப்பைக்குப் போகாமல் தடுக்கும்போது மட்டும்தான். அலங்காரத்துக்கு ஒட்டினால் அது இன்னொரு குப்பை. வயரின் கழுத்தில் வைத்து இரண்டு ஆண்டு ஓட்டினால், அந்த வயருக்குள் இருக்கும் செம்பும் அதை வெட்டியெடுத்த உழைப்பும் இரண்டு ஆண்டு கூடுதலாகப் பயன்பட்டன.

வைத்தது பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்பதும் இதில் உண்டு. கல்லாக இறுகும் எபாக்சியைப் பெயர்த்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து பெயரும். சுக்ரு ரப்பர் என்பதால் பிளேடால் கீறி உரித்தெடுத்து, மிச்சத்தைத் தேய்த்துவிடலாம். அடியில் இருக்கும் பொருளுக்குச் சேதமில்லை.

ஒட்டி முடித்ததும் விரலைச் சோப்பு நீரில் நனைத்து மேலே தடவச் சொல்வார்கள். அப்போது பரப்பு வழவழப்பாகும். தடவாமல் விட்டால் விரல்ரேகை பதிந்துவிடும். பல் மருத்துவர்கள் அச்செடுக்கவும் சிலிகோனைப் பயன்படுத்துகிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய கோட்டையும் அது தவறாமல் பிடிக்கும், இறுகும்போது ஏறக்குறையச் சுருங்கவே செய்யாது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் நம் கைரேகை அதற்குப் பெரிய எழுத்து. ஆலையில் வார்த்த பிளாஸ்டிக் பிடியின்மேல், அதைச் சரிசெய்தவரின் பெருவிரல் சுழி, மறுநாள் காலையில் ரப்பராக நிற்கும்.